கணக்கில் வராத நடை

1950-களின் நடுவில், மேற்கு வங்கத்தின் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்து அறிஞர் ழான் மேயர், அவரோடு பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா. இந்த ஆய்வுக்கு ஆலை மிகப் பொருத்தமான இடம். எல்லா வகை உழைப்பும் ஒரே மதிலைச் சுற்றிக் கிடைக்கும். நிலக்கரி அள்ளுகிறவர், மூட்டை சுமக்கிறவர், தறி ஓட்டுகிறவர், பழுது பார்க்கும் மெக்கானிக், கணக்கெழுதும் எழுத்தர், ஆலையை ஒட்டிய சிறு கடையில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் வியாபாரி. எழுத்தர்களிலும் வளாகத்துக்குள்ளேயே குடியிருந்தவர்கள் உண்டு, மைல் கணக்கில் நடந்து வேலைக்கு வந்துபோனவர்கள் உண்டு.

உழைப்பு ஏற ஏறச் சாப்பாடும் ஏறும் என்றுதான் யாரும் நினைப்போம். மிதமான உழைப்பிலிருந்து கடும் உழைப்புவரை அப்படித்தான் இருந்தது. அவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், ஆனால் எடை கூடவில்லை. மறுமுனையில்தான் வியப்பு. உட்கார்ந்தே பிழைத்தவர்களிடம் உழைப்பு குறைந்தும் சாப்பாடு குறையவில்லை. மூட்டை சுமந்தவருக்கு ஈடாகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். 1956-இல் இதை வெளியிட்டபோது மேயர் குழு சொன்ன விளக்கம் எளிது: உடல் ஓரளவாவது அசைந்துகொண்டிருக்கும்வரை பசி தன் கணக்கைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறது. அந்த எல்லைக்குக் கீழே அசைவு இறங்கிவிட்டால், செலவு குறைந்த விஷயம் பசிக்குத் தெரிவதில்லை.

வீட்டிலிருந்தே வேலை பார்த்து உடம்பு போட்டவர்களைக் கேட்டால், பெரும்பாலும் சமையலறையைத்தான் காட்டுகிறார்கள். கை நீட்டினால் மிக்சர் டப்பா, நினைத்தால் காபி, போனைத் தொட்டால் வாசலில் பிரியாணி. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எழுபது ஆண்டுக்கு முந்தைய அந்த ஆலைக் கணக்கைப் படித்த பிறகு, என் சந்தேகம் டப்பாவைவிட நாற்காலியின் மேல்தான் விழுகிறது. வீட்டுக்கு வந்த வேலை நம்மிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டது நடையை. அதுவும் நடை என்று நாம் எண்ணியே இராத நடையை.

சென்னை ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் ஒருவரின் பழைய நாளை நினைத்துப் பாருங்கள். வீட்டுப் படி இறங்கித் தெருமுனைவரை நடந்து பஸ்ஸையோ ஷேர் ஆட்டோவையோ பிடிப்பார். பறக்கும் ரயிலில் வந்தால் ஏற இறங்க இரண்டு நிலையங்களின் படிகள். கம்பெனி கேட்டிலிருந்து தன் கட்டடம்வரை ஒரு நடை, லிஃப்ட்டுக்குக் கூட்டம் நின்றால் மாடிப்படி. பதினொரு மணிக்கு நண்பர்களோடு கீழே இறங்கி டீ. மதியம் கேன்டீன், மீட்டிங் ரூம் ஒரு மூலை, பிரிண்டர் இன்னொரு மூலை. சாயங்காலம் இதெல்லாம் திரும்ப ஒருமுறை. இவரைக் கேட்டால், "எனக்கு எக்சர்சைஸ் பண்ணவே நேரமில்லை" என்பார். ஆனாலும் மூன்று கிலோமீட்டர், நாலாயிரம் அடிக்குக் குறையாமல் நடந்திருப்பார். 2020 மார்ச் கடைசி வாரத்தில் இந்த நடை மொத்தமும் ஒரே நாளில் நின்றுபோனது. கட்டிலிலிருந்து மேசைக்குப் பத்தடி.

மூன்று கிலோமீட்டர் நடைக்குச் செலவாவது ஏறத்தாழ 150 கலோரி, மூன்று இட்லி அளவு. இவ்வளவுதானா என்று தோன்றும். மூன்று இட்லியைக் குறைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடாதா? நேராகாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது மேயர் கண்டது. அந்த மூன்று இட்லியைக் குறைக்கச் சொல்லிப் பசி நமக்குச் சொல்வதில்லை. அமெரிக்காவின் தென் கரோலைனா பல்கலைக்கழகத்தில் 421 இளம் வயதினரை ஓராண்டு பின்தொடர்ந்து 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அசைவின் அளவை வைத்து ஐந்து பிரிவாக்கியதில், அடிமட்டப் பிரிவில் இருந்தவர்களுக்குத்தான் கொழுப்பு ஏறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வரவும் செலவும் ஒன்றுக்கொன்று ஈடாகும் எல்லை நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,100 அடி என்று அவர்கள் கணித்தார்கள். அலுவலகம் போய்வந்தபோது பலர் இந்த எல்லையை ஒட்டியே இருந்திருப்பார்கள். அதில் நாலாயிரத்தைக் கழித்துப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் தசைக்குள் நடப்பது. எனக்கு இதுதான் இன்னும் முக்கியமாகப் படுகிறது. காலையில் நாலு இட்லி சாப்பிடுகிறோம். அரை மணிக்குள் குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது. அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் பெரிய இடம் தசைகள், அதிலும் தொடையும் கெண்டைக்காலும். தசைச் செல்லுக்குள் குளுக்கோஸைக் கொண்டுபோவது குளுட்4 என்ற புரதம். சாதாரணமாக அது செல்லின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும். அதைச் செல்லின் விளிம்புக்கு வரவழைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று இன்சுலின். மற்றது தசை சுருங்குவது. கால் மடங்கி நீளும்போது இன்சுலின் தயவில்லாமலேயே குளுட்4 விளிம்புக்கு வந்துவிடுகிறது. திருவிழா நாளில் ராஜகோபுர வாசலோடு வடக்கு வாசலையும் திறந்துவிடுவதைப் போல. உட்கார்ந்தே இருந்தால் வடக்கு வாசல் அடைபட்டுவிடும். கூட்டம் முழுவதையும் இன்சுலின் ஒரே வாசல் வழியாக அனுப்பியாக வேண்டும். கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. இன்சுலின் உயர்ந்தே இருக்கும் நேரத்தில் உடல் கொழுப்பைச் சேமிக்குமே தவிர, எடுத்துச் செலவழிப்பது குறைவு.

கொழுப்புக்கும் இதே போன்ற ஒரு கதை உண்டு. ரத்தத்தில் வரும் கொழுப்பைப் பிரித்துத் தசைக்குக் கொடுக்கும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதி, காலை ஊன்றவே விடாமல் வைத்த எலிகளின் கால் தசைகளில் சில மணி நேரத்துக்குள் சரிந்துபோவதை அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் மார்க் ஹாமில்டன் காட்டினார். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனால் அசையாத தசை வெறுமனே ஓய்வெடுப்பதில்லை, தன் வேலையையே நிறுத்திக்கொள்கிறது என்பதற்கு அது நல்ல சான்று.

மனிதரில் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஹாமில்டனும் பங்கேற்ற ஒரு சோதனையில் ஆரோக்கியமான, உடல் பருமன் இல்லாத 14 இளம் வயதினரை ஒரே ஒரு நாள் உட்கார வைத்தார்கள். வழக்கமான சாப்பாட்டோடு உட்கார்ந்த நாளில், இன்சுலினின் செயல்திறன் 39 சதவீதம் குறைந்தது. அசையாததற்கு ஏற்பச் சாப்பாட்டையும் குறைத்துக் கொடுத்த நாளிலும் 18 சதவீதம் குறைந்தது. அந்த மூன்று இட்லியைக் குறைத்தால் போதுமா என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது: பாதி சரியாகும், மீதி சரியாகாது. டென்மார்க்கில் பத்து இளைஞர்களை நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடியிலிருந்து 1,350 அடி அளவுக்கு இறக்கி இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். லிஃப்ட்டில் போ, காரில் போ, படியேறாதே என்பதுதான் கட்டளை. இரண்டே வாரத்தில் இன்சுலினின் வேகம் மங்கியது, கால் தசை 2.8 சதவீதம் கரைந்தது. 1,350 அடி என்பது அடுக்குமாடி வீட்டுக்குள் ஒரு முழு நாள் வேலை பார்க்கிறவருக்கு எளிதில் வரக்கூடிய எண்ணிக்கை.

தசை கரைவது எடை மெஷினுக்குத் தெரியாது. ஒரு கிலோ தசை போய் ஒரு கிலோ கொழுப்பு வந்தால் முள் அசையாமல் அதே இடத்தில் நிற்கும். "நான் வெயிட்டே போடலை, பேன்ட் மட்டும் டைட்டாகுது" என்று சொல்கிறவர்களை அலட்சியமாகக் கேட்கக் கூடாது. நம் நாட்டு உடல்வாகில் இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். புனேயைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் இருவரும் தங்கள் உடலையே அளந்து 2004-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் இந்தியரின் உள்ளே கொழுப்பு மறைந்திருக்க முடியும் என்பதை அந்த ஒரு பக்கக் கட்டுரை உலகத்துக்குச் சொன்னது. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று நமக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையைக் குறைத்து வைத்திருப்பதும் இதனால்தான். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு, 2023-இல் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று மதிப்பிட்டது. ஏற்கெனவே இந்த நிலையில் இருக்கும் மக்களிடமிருந்து நாலாயிரம் அடியைப் பறிப்பது சிறிய விஷயமில்லை.

ஒன்றை நேர்மையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். 2020-இல் ஏறிய எடையை எல்லாம் வீட்டு வேலைமுறையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. கொரோனா பெருந்தொற்றாக அறிவிக்கப்பட்ட முப்பது நாளில் உலகெங்கும் நடை சராசரியாக 27 சதவீதம் சரிந்தது என்று 187 நாடுகளின் செல்போன் கணக்கு காட்டியது. அமெரிக்காவில் வீட்டு எடை மெஷின்களைக் கொண்டு பார்த்ததில் பத்து நாளுக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் ஏறியிருந்தது. ஆனால் அது பூங்கா பூட்டிய காலம், பிள்ளைகள் வீட்டில் அடைந்த காலம், தூக்கத்தையே பயம் கெடுத்த காலம். ஊரடங்கு போய்விட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீடு, மீதி நாள் அலுவலகம் என்ற ஏற்பாடு நிலைத்துவிட்டது. நாம் யோசிக்க வேண்டியது இனி நிலைத்திருக்கப்போகும் இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்.

அதில் நல்லதும் நிறைய இருக்கிறது. 27 நாடுகளில் நடந்த ஒரு கணக்கெடுப்பின்படி, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் பயணத்தில் மிச்சமாவது சராசரியாக 72 நிமிடம். சென்னை நெரிசலில் மத்திய கைலாஷைத் தாண்டிப் போய்வந்தவர்களுக்கு அந்த நிமிடங்களின் அருமை தெரியும். தூக்கம் கூடினாலே சாப்பாடு தானாகக் குறைகிறது. சிகாகோவில் குறைவாகத் தூங்கிய, எடை கூடிய 80 பேரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடுதலாகத் தூங்க வைத்தபோது, யாரும் சொல்லாமலே 270 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள். கேன்டீன் எண்ணெயை விட்டு வீட்டுக் குழம்பு கிடைப்பது இன்னொரு லாபம். ஆகவே உடம்பைக் காரணம் காட்டி எல்லோரையும் அலுவலகத்துக்குத் திரும்ப அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மிச்சமான நேரம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அதே கணக்கெடுப்பில், அந்த 72 நிமிடத்தில் 40 சதவீதம் வேலைக்கே திரும்பிப் போயிருந்தது. பொதுமுடக்கத்தின்போது 16 பெருநகரங்களின் மின்னஞ்சல், மீட்டிங் விவரங்களை ஆராய்ந்தவர்கள் வேலைநாள் 48.5 நிமிடம் நீண்டிருந்ததாகக் கண்டார்கள். நம் ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. அமெரிக்க கிளையன்ட்டோடு பேசும் குழுக்களுக்கு முக்கியமான கால் எல்லாம் சாயங்காலம் ஆறரைக்குப் பிறகுதான். கேப் பிடிக்கும் அவசரம் இல்லாததால் பத்தரைவரை இழுக்கும், சாப்பாடு பதினொன்றுக்கு. பாஸ்டனில் 16 பேருக்கு அதே உணவை நாலு மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். பகலில் பசி கூடியது, வயிறு நிறைந்த உணர்வைத் தரும் லெப்டின் குறைந்தது, உடல் எரிக்கும் கலோரியும் குறைந்தது. ஒரு வாய்கூடக் கூடுதலாகச் சாப்பிடாமல் இத்தனையும்.

பெண்களின் கணக்கு தனி. 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், அப்படிச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். வேலை வீட்டுக்கு வந்ததும் குக்கர் விசிலுக்கும் மீட்டிங்குக்கும் நடுவில் ஓடுகிறவர் பெரும்பாலும் அவர்தான். அவருடைய அடி எண்ணிக்கை கணவருடையதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். தூக்கமும் ஓய்வும்தான் பறிபோகின்றன. அவரிடம் போய் "தினமும் வாக்கிங் போம்மா" என்று சொல்வது அறிவுரையே ஆகாது. பாத்திரம் துலக்குவதும் துணி காயப்போடுவதும் தசையைச் சுருக்கி விரிக்கும் வேலைகள்தான். உட்கார்ந்து உட்கார்ந்து இன்சுலின் மங்கிய கணவர் அவற்றில் பாதியை எடுத்துக்கொண்டால், இருவர் உடம்புக்கும் ஒரே நேரத்தில் நல்லது.

எவ்வளவு அசைந்தால் போதும்? மெல்போர்ன் பேக்கர் நிறுவனத்தின் டேவிட் டன்ஸ்டன் குழு 2012-இல் செய்த சோதனை எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது. எடை கூடிய 19 பேர். ஒரு நாள் விடாமல் உட்கார்ந்தார்கள். வேறொரு நாள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டே நிமிடம் நடந்தார்கள். நடந்த நாளில் உணவுக்குப் பிந்தைய சர்க்கரையின் ஏற்றம் மெதுநடைக்கு 24 சதவீதமும், சற்று வேகமான நடைக்கு 30 சதவீதமும் குறைந்தது. மெதுநடைக்கும் வேகநடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வியர்க்க வேண்டியதில்லை, ஷூ மாட்ட வேண்டியதில்லை. வடக்கு வாசலைத் திறக்க இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது.

ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பணத்தை மிச்சப்படுத்துங்கள் என்பேன். மேயோ கிளினிக்கின் ஜேம்ஸ் லெவைன் அளந்ததில், அசையாமல் நிற்பது ஓய்வுநிலைச் செலவைவிட 13 சதவீதம்தான் கூடுதல். மணிக்கு 1.6 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது கோயில் பிராகாரம் சுற்றும் நிதானத்தில் நடந்தாலே செலவு இரண்டரை மடங்கு. கேமரா தேவைப்படாத கால் வந்தால் ஹெட்செட்டோடு கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே பேசலாம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு லேப்டாப் முன்னால் உட்காராமல் பத்து நிமிடம் மாடிப்படியும் வராந்தாவுமாகச் சுற்றலாம். மே மாத வெயிலில் வெளியே போகச் சொல்வது கொடுமை, ஆனால் ஆறு மணிக்குப் பிறகு மொட்டைமாடி இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போய்விட்டுப் பத்து மணி நேரம் உட்காருகிறவர்களும் கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களை ஒன்றுசேர்த்து 2016-இல் ஆராய்ந்ததில், நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் மிதமான பயிற்சி செய்வோருக்கு நெடுநேரம் உட்காருவதால் கூடும் மரண ஆபத்து மறைந்துவிட்டிருந்தது. நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்ய நம்மில் எத்தனை பேரால் முடியும்? முடியாத பெரும்பாலோருக்கு அந்த இரண்டு நிமிடங்கள்தான் வழி.

கம்பெனிகளும் செய்ய வேண்டியது உண்டு. ஒரு மணி நேர மீட்டிங்கை ஐம்பது நிமிடத்தில் முடிப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வைத்த நாலு மீட்டிங்கில் மாட்டியவர் எழுந்து நடக்க நினைத்தாலும் முடியாது. அவரிடம் மனவுறுதி பற்றிப் பேசிப் பயனில்லை. வருடாந்திர உடல் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிற வழக்கமும் மாற வேண்டும். வெறும் வயிற்று அளவு சரியாக இருந்து, சாப்பிட்ட பின் எகிறுகிறவர்கள் உண்டு. டன்ஸ்டன் சோதனையில் நடையால் மாறியதும் அந்தச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவுதான். பரிசோதனைக்குப் போகும்போது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரையையும், மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சியையும் கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்து அந்த எண்ணையும் ரிப்போர்ட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.